திரை பெரிதாயிற்று, நெகடிவ் எங்கே?

ஆழ்வார்திருநகரிக்காரர்களுக்கு நாதமுனிகளின் கதையை யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. யாரோ சில வைணவர்கள் பாடிய பத்துப் பாசுரங்கள் அவர் காதில் விழுகின்றன. அவை ஓர் ஆயிரத்தில் ஒரு பத்து என்று அப்பாசுரங்களே சொல்கின்றன. 'மீதி எங்கே?' என்று கேட்டுக்கொண்டு அவர் குருகூர் வந்து சேர்கிறார். மதுரகவியாழ்வாரின் பதினோரு பாசுரங்களைப் புளியமரத்தடியில் 12,000 முறை ஓதி, அந்த ஆயிரத்தோடு மற்ற மூவாயிரத்தையும் பெற்றார் என்பது குருபரம்பரை சொல்லும் செய்தி. இதை வரலாறாகக் கொள்வோரும் உளர், ஐதீகமாகக் கொள்வோரும் உளர். எங்களுக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கேள்வி. கிடைத்த பத்தோடு நிறைவடையாமல் மீதியைக் கேட்ட மனம். தமிழ் சினிமாவை நோக்கி அக்கேள்வியை நாம் ஒருநாளும் உரக்கக் கேட்டதில்லை என்பதே எங்கள் குற்றச்சாட்டு.

நாம் கேட்பதெல்லாம் திரையின் அகலத்தைத்தான். எங்கள் நண்பர் வட்டத்தில் சினிமாப் பேச்சு வந்தால் எந்த ஊரில், எந்தத் திரையில் பார்த்தோம் என்பதில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. சென்னைக்குப் போய் ஐமேக்ஸில் பார்த்தவர் ஊருக்குத் திரும்பியதும் காசி போய் வந்தவரைப்போல நடந்துகொள்கிறார். அவர் கண்டது என்ன என்று சற்றே விசாரிப்போம்.

ஐமேக்ஸ் என்ற சொல்லுக்கு ஒரு திட்டவட்டமான பொருள் இருந்தது. 1970இல் ஒசாகா உலகக் கண்காட்சியில் கனடாக்காரர்கள் முதன்முதலாகக் காட்டிய அந்த முறையில், 70 எம்.எம். பிலிம் மேலிருந்து கீழாக ஓடாமல் கிடைமட்டமாக ஓடும். ஒரு சட்டகத்தின் நீளம் 15 துளைகள். வழக்கமான 35 எம்.எம். சட்டகத்தைப்போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு பரப்பு. திரை பெரிதாக இருந்ததற்கு நியாயம் அந்தப் பிலிமில் இருந்தது. 2008 முதல் பல்திரை வளாகங்களில் நிறுவப்பட்ட டிஜிட்டல் ஐமேக்ஸில் அந்தப் பிலிம் இல்லை. தொடக்கத்தில் 2கே புரொஜெக்டர்கள் இரண்டை இணைத்துப் படம் காட்டினார்கள். திரை சிறுத்தது, சட்டகத்தின் உயரம் குறைந்தது. லேசர் பின்னால் வந்தது. பெயர் மட்டும் மாறவே இல்லை. ஹைதராபாதில் 2003இல் திறக்கப்பட்ட பிரசாத்ஸ் அரங்கில் உண்மையான பிலிம் ஐமேக்ஸ் ஓடியது. 2010களில் அது நின்றுபோயிற்று. 2023இல் 'ஓப்பன்ஹைமர்' உலகில் 30 அரங்குகளில் அந்தப் பழைய பிலிம் முறையில் திரையிடப்பட்டபோது அவற்றில் ஒன்றுகூட இந்தியாவில் இல்லை. நம்மவர்கள் அப்போதும் 'ஐமேக்ஸில் பார்த்தேன்' என்றுதான் சொன்னார்கள்.

இந்த மயக்கம் புதிதல்ல. 1975இல் வந்த 'ஷோலே'யை 70 எம்.எம். படம் என்றே இன்றும் சொல்கிறோம். அது 35 எம்.எம்.மில் எடுக்கப்பட்டு லண்டனில் 70க்குப் பெருக்கப்பட்டது. நம் நாட்டின் 70 எம்.எம். படங்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். தமிழில் அப்பெயரோடு முதலில் வந்தது 1986இன் 'மாவீரன்'. ஆறு தட ஒலியும் கூடுதல் வெளிச்சமும் நிஜமான லாபங்கள், மறுக்கவில்லை. ஆனால் எடுத்தபோது நெகடிவில் பதியாத ஒரு மயிரிழையைக்கூடத் திரையின் அகலம் பின்னால் கொண்டுவந்து சேர்க்காது. 2022இல் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் ஐமேக்ஸ் திரைகளைத் தொட்ட முதல் தமிழ்ப்படம் என்று கொண்டாடப்பட்டபோதும், அந்த முறைக்காகப் பின்னர் மாற்றியமைக்கப்பட்ட படம் அது என்பதை எத்தனை பேர் கவனித்தோம்?

இவ்விடத்தில் எங்களைப் பழமைவாதிகள் என்று சொல்லக்கூடும். ஆகவே ஒன்றைத் தெளிவாக ஒப்புக்கொள்கிறோம். பிலிம் காலத்துச் சுகங்களைப் பாடுகிறவர்களில் பலர் பெருநகரத்துக்காரர்கள். எங்களைப் போன்ற ஊர்களுக்குப் படப்பெட்டி வந்து சேர்ந்தபோது அந்தப் பிரிண்ட் எத்தனையோ ஊர்களில் அடிபட்டு வந்திருக்கும். கோடுகள் மழையாகப் பெய்யும். ரீல் அறுந்து ஒட்டிய இடத்தில் பாட்டில் ஒரு சரணம் காணாமல் போயிருக்கும். சென்னையில் முதல் வாரம் பார்த்தவரும் தாமிரபரணிக் கரையில் பல வாரம் கழித்துப் பார்த்தவரும் ஒரே படத்தைப் பார்த்ததாகச் சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். டிஜிட்டல் அந்தத் தீண்டாமையை ஒழித்தது. ஒரே நாளில், ஒரே தரத்தில் எல்லாருக்கும் படம். இதை நாங்கள் நன்றியோடு சொல்கிறோம். எங்கள் சண்டை டிஜிட்டல் திரையிடலோடு அல்ல.

எங்கள் சண்டை அந்த மாற்றம் நடந்த விதத்தோடு. 2004இல் 'வானம் வசப்படும்', 2005இல் 'மும்பை எக்ஸ்பிரஸ்' என்று டிஜிட்டல் படப்பிடிப்புக்கு முன்கை எடுத்தவர்கள் நாம். 2012இல் கோடக் திவால் மனு கொடுத்தது. 2013இல் பியூஜி சினிமா பிலிம் தயாரிப்பை நிறுத்தியது. அடுத்த சில ஆண்டுகளில் சென்னையின் பிலிம் பதன ஆய்வகங்கள் ஓய்ந்தன. நம் தொழிலில் 'நெகடிவ் உரிமை' என்பது வெறும் சொல் அல்ல. படத்தையே அடகு வைக்கும் பத்திரம் அது. கடன் தீராத படங்களின் நெகடிவ்கள் ஆய்வகத்திலேயே கிடப்பது வழக்கம். ஆய்வகம் மூடினால் அந்தப் பெட்டிகள் எங்கே போகும்? 2018 மார்ச்சில் தொடங்கி ஏப்ரல் வரை தயாரிப்பாளர்கள் புதுப்படங்களை நிறுத்திவைத்துப் போராடினார்கள். டிஜிட்டல் நிறுவனங்கள் வாங்கும் திரையிடல் கட்டணமே அதன் மையம். கட்டணத்துக்காக ஒரு தொழில் முழுதும் கதவடைக்க முடிந்தது. நெகடிவுக்காக ஒருநாள் கடையடைப்புகூட நடந்ததில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் கேட்போம். 'ஓலை அச்சாயிற்று, அதுபோலப் பிலிம் டிஜிட்டல் ஆகிறது. உ.வே.சாமிநாதையர் ஏட்டைக் கட்டிக்கொண்டு அழுதாரா? அச்சில் போட்டார், தமிழ் பிழைத்தது' என்கிறார்கள். எங்கள் ஊரிடமே இதைச் சொல்வதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1889இல் அவர் பதிப்பித்த பத்துப்பாட்டுக்கு உதவிய ஏட்டைத் தேடி வந்த ஊர்களில் ஒன்று ஆழ்வார்திருநகரி. இங்குள்ள கவிராயர் இல்லங்களில் அவர் பட்ட பாட்டையும் பெற்ற பேற்றையும் 'என் சரித்திரம்' படித்தவர்கள் அறிவார்கள். ஆனால் அச்சு முடிந்ததும் அவர் ஏட்டை அடுப்பில் போடவில்லை. அவர் தேடிச் சேர்த்த சுவடிகள் அவர் பெயரிலான சென்னை நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. அச்சில் பிழை என்று ஐயம் எழுந்தால் திரும்பிப் போய்ப் பார்க்க ஓர் ஏடு வேண்டும் என்பதை அவரைவிட அறிந்தவர் யார்?

சினிமாவில் அந்த ஏடு நெகடிவ். ஒரு நெகடிவை 2005இல் 2கே அளவில் வருடினால் ஏறக்குறைய 22 லட்சம் புள்ளிகள் கிடைக்கும். அதே நெகடிவை இன்று 4கேயில் வருடினால் 88 லட்சம். நாளைய கருவி இன்னும் நுட்பமாகப் படிக்கும். நெகடிவைத் தூக்கியெறிந்து அன்றைய 2கே பிரதியை மட்டும் வைத்துக்கொண்டால் அப்படத்தின் கண் அந்த ஆண்டோடு மூடிக்கொள்கிறது. டிஜிட்டலில் பிறந்த தொடக்க காலப் படங்களுக்கோ அந்த வாய்ப்பும் இல்லை. அன்றைய கேமரா கண்டதே அவற்றின் எல்லை. 'டிஜிட்டல் சினிமாஸ்கோப்பில் புதுப்பொலிவுடன்' என்று பழைய படங்களை மறுவெளியீடு செய்கிறவர்களுக்கும் ஒரு கேள்வி. பழைய சதுரச் சட்டகத்தை அகலத்திரைக்கு நிரப்பினால் உயரத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்குமேல் வெட்டுப்படும். அண்ணாந்து பார்த்த கோபுரத்தின் கலசத்தை இடித்துவிட்டு அகலமாக்கினோம் என்று சொல்வது திருப்பணியா?

'ஷோலே' தன் ஐம்பதாம் ஆண்டில், 2025இல், மீட்டெடுக்கப்பட்டது. அப்பணியைச் செய்த ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் சொன்ன செய்தியை ஒவ்வொரு தமிழ்த் தயாரிப்பாளரும் சுவரில் எழுதி வைக்கலாம். மூல நெகடிவ் கடுமையாகச் சிதைந்திருந்தது, 70 எம்.எம். பிரிண்ட் ஒன்றுகூட எஞ்சவில்லை. லண்டனிலும் மும்பையிலும் கிடைத்த இடைநிலைப் பிரதிகளைக் கொண்டு படத்தைக் காப்பாற்றினார்கள். இந்தியா முழுதும் கொண்டாடிய படத்துக்கே இந்த கதி என்றால், ஆறு வாரம் ஓடி மறைந்த ஒரு நல்ல தமிழ்ப் படத்துக்கு என்ன கதி?

விடை நமக்குத் தெரியும். தமிழின் முதல் மௌனப்படமான 'கீசக வதம்' இல்லை. 1931இல் வந்த முதல் பேசும்படம் 'காளிதாஸ்' இல்லை. நாகர்கோவில்காரர் எடுத்த 'மார்த்தாண்ட வர்மா' (1933) பிழைத்தது, கதை உரிமை பற்றிய வழக்கில் சிக்கி முடங்கியதால்! வெள்ளிக்காக உருக்கப்பட்ட சுருள்கள் எத்தனை, வளையலாகிப் போனவை எத்தனை? கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடுகளை நெய் தோய்த்து ஆகுதி செய்துவிட்டார்கள் என்று கேட்டு உ.வே.சா. துடித்தார். அவர்களாவது அதைச் சாஸ்திரம் என்று நம்பிச் செய்தார்கள். நாம் எந்தச் சாஸ்திரத்தை நம்பிச் செய்கிறோம்?

'எல்லாம் ஹார்டு டிஸ்கில் இருக்கிறதே' என்பது கடைசி ஆறுதல். ஹார்டு டிஸ்க் செத்துப்போகும். டேப்பைச் சில ஆண்டுகளுக்கொருமுறை புதிதுக்கு மாற்றவேண்டும். அமெரிக்கத் திரைப்பட அகாதமி 2007இல் கணக்கிட்டபோது, ஒரு படத்தின் 4கே மூலப்பிரதியை ஓராண்டு காக்க 12,514 டாலர். பிலிம் மூலத்தைக் காக்க 1,059 டாலர். விலைகள் அதன்பின் மாறியிருக்கலாம். பராமரிப்பு நின்ற நாளில் டிஜிட்டல் மூலம் மாண்டுபோகும் என்பது மாறவில்லை. பிலிமுக்கு வேண்டியது குளிரும் வறட்சியும். கடற்காற்றும் வெக்கையும் உள்ள நம் பக்கத்தில் அது காடி நாற்றம் எடுத்து அழுகும் என்பதால்தான் குளிர்பதனக் காப்பகம் வேண்டும் என்கிறோம்.

1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்தின் பிரதியும் பொது நூலகங்களுக்குச் சேரவேண்டும். ராசிபலன் புத்தகத்துக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. திரைப்படத்துக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை. சினிமாவைக் கொண்டு ஆட்சியையே பிடித்த மாநிலம் இது. கேளிக்கை வரியாகத் தலைமுறை தலைமுறையாக வசூலித்த அரசு, எடுக்கப்படும் ஒவ்வொரு தமிழ்ப்படத்தின் மூலத்தையும் ஒப்படைக்கச் சட்டம் செய்யட்டும். கிடக்கும் நெகடிவ்களைக் கடனாளி யார், உரிமையாளர் யார் என்று பாராமல் முதலில் குளிரில் வைக்கட்டும். வழக்குகளைப் பிறகு தீர்த்துக்கொள்ளலாம். 'குப்பைப் படங்களையுமா?' என்பார்கள். எது குப்பை என்று ஐம்பது வருடம் கழித்து வருபவன் சொல்லட்டும், அவனுக்குப் பார்க்கக் கிடைத்தால்.

வாசகர்களாகிய நமக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்தமுறை ஒரு பழைய படத்தின் மறுவெளியீட்டுக்குப் போகும்போது, திரை எத்தனை அடி என்று கேட்பதை விட்டுவிட்டு, எந்த மூலத்திலிருந்து எடுத்தீர்கள், அது இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்போம். பத்துப் பாசுரத்தைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு நாதமுனிகள் வீட்டுக்குப் போயிருந்தால் எங்கள் ஊரில் ஒரு புளியமரம் மட்டுமே மிஞ்சியிருக்கும்.