வீட்டு மின்சாதனம்: புது டிஸ்க் ப்ளேயரும் பழைய நிக்காஹ் டிஸ்க்கும்



நாவுலயிலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் இம்மாதம் நம் பகுதிக்கு வந்திருக்கிறது. கட்டாரில் தொழில் செய்யும் மகன் விடுமுறைக்கு வந்தபோது ஒரு புதிய டிஸ்க் ப்ளேயரைக் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, அதைப் பூட்டிக் கொடுக்க நேரமில்லாமல் திரும்பிப் போய்விட்டார். வீட்டில் தட்டை டீவி ஒன்றும், ஐந்து சிறிய ஸ்பீக்கர்களோடு ஒரு பெரிய 'பாஸ்' பெட்டியும் உள்ள சவுண்ட் செட் ஒன்றும் இருக்கின்றன. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கொண்டு எப்படியோ வயர்களைக் கொழுவிப் பார்த்திருக்கிறார்கள். படம் கறுப்பு வெள்ளையாக வருகிறதாம். இசை கேட்கிறது, பேச்சுக் கேட்கவில்லையாம். பேரப்பிள்ளைகளின் கார்ட்டூன் டிஸ்க் 'ரீஜன்' சரியில்லை என்று சொல்லி ஓட மறுக்கிறதாம். மகளின் நிக்காஹ் டிஸ்க்கைப் போட்டால் 'டிஸ்க் இல்லை' என்றே திரையில் வருகிறதாம்.

"அந்த டிஸ்க்கில்தான் மர்ஹூமான என் கணவர் மகளுக்கு வலியாக இருந்து நிக்காஹ் செய்து கொடுத்த குரல் இருக்கிறது. வேறு எதிலும் அவர் குரல் எங்களிடம் இல்லை" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

சகோதரியே, முதல் மூன்று குறைகளும் அரை மணி நேர வேலை. நான்காவதுதான் அவசரமானது. ஆகவே வேறு எதையும் செய்வதற்கு முன், அந்த டிஸ்க்கை வெளியே எடுத்து அதன் உறைக்குள் வைத்துவிடுங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டாம். மற்றவற்றை ஒழுங்கு செய்த பிறகு அதற்கு வருவோம். உங்களைப் போன்று வெளிநாட்டுப் பொருள் வந்து சேர்ந்த எல்லா வீடுகளுக்கும் பயன்படட்டும் என்று ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன்.

முதலில் மின்சாரம்

ப்ளேயரின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறு லேபலைப் பாருங்கள். '100-240' என்றோ '220-240' என்றோ வோல்ட் போட்டிருந்தால் நம் நாட்டு 230 வோல்ட்டுக்குத் தடையில்லை. சவூதியில் நெடுங்காலம் வீடுகளுக்கு 127 வோல்ட் மின்சாரமும் கொடுக்கப்பட்டு வந்தது. அந்தக் காலத்தில் அங்கு வாங்கிய பழைய பொருள் ஏதும் வீட்டில் இருந்தால், '110' அல்லது '127' என்று மட்டும் போட்டிருக்கிறதா என்று பார்க்காமல் ப்ளக்கைச் செருக வேண்டாம். ஒரு நொடியில் எரிந்துவிடும்.

கட்டாரிலும் நம் நாட்டிலும் 13 அம்பியர் சதுரக் கால் ப்ளக் ஒன்றுதான். ஆனால் பழைய வீடுகளில் வட்டத் துளைப் பொயின்ட்டுகள் இன்னும் இருக்கின்றன. அதில் தீக்குச்சியைச் செருகி வயரைச் சொருகும் பழக்கம் மிகவும் ஆபத்தானது. எலக்ட்ரீஷியனைக் கொண்டு ஒரு நல்ல 13 அம்பியர் பொயின்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

நாவுல, மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையில் ஏ9 வீதியில் மலைகள் சூழ்ந்த ஊர். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரங்களில் இடிமின்னல் கடுமையாக இருக்கும். அப்போது சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. ப்ளக்கைக் கழற்றுங்கள், டீவியின் அன்டெனா வயரையும் கழற்றுங்கள். மின்னல் அன்டெனா வழியாக டீவிக்கு வந்தால், அங்கிருந்து வயர் வழியாக ப்ளேயருக்கும் சவுண்ட் செட்டுக்கும் போகும். மூன்று பொருளும் ஒன்றாகப் போய்விடும். இடி முழங்கத் தொடங்கிய பின் வயரில் கை வைக்க வேண்டாம். வானம் கறுக்கும்போதே கழற்றிவிட வேண்டும்.

வயர்களை எப்படிக் கொழுவுவது?

எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். ப்ளேயரை சவுண்ட் செட்டின் மேல் வைக்க வேண்டாம். அதன் சூடு ப்ளேயரைக் கெடுக்கும். ஆடாத, சமமான இடத்தில், காற்றுப் படும்படி வையுங்கள். அழகுக்காகத் துணி விரித்து மூடுவதும் வேண்டாம்.

பின்பக்கத்தில் தட்டையான 'எச்.டி.எம்.ஐ.' துளை இருந்தால் அதுவே சிறந்தது. படமும் ஒலியும் ஒரே வயரில் போகும். சவுண்ட் செட்டிலும் அந்தத் துளைகள் இருந்தால், ப்ளேயரிலிருந்து செட்டின் 'இன்' துளைக்கு ஒரு வயர், செட்டின் 'அவுட்' துளையிலிருந்து டீவிக்கு ஒரு வயர். அவ்வளவுதான். உங்கள் செட் பழையதாக இருந்தால் ப்ளேயரிலிருந்து நேரே டீவிக்கு எச்.டி.எம்.ஐ. வயரைக் கொடுங்கள். ஒலிக்கு மட்டும் சிவப்பு, வெள்ளை வயர்களை ப்ளேயரின் 'அவுட்' துளைகளிலிருந்து செட்டின் 'இன்' துளைகளுக்குக் கொடுங்கள். 'அவுட்' என்பது வெளியே போகும் வாசல், 'இன்' என்பது உள்ளே வரும் வாசல். இதை மாற்றிக் கொழுவுவதே பெரும்பாலான வீடுகளில் நடக்கும் பிழை. பிறகு டீவியின் ரிமோட்டில் 'சோர்ஸ்' பொத்தானை அழுத்தி, எந்தத் துளையில் கொழுவினீர்களோ அதைத் தெரிவு செய்யுங்கள்.

கறுப்பு வெள்ளைப் படமும் கேட்காத பேச்சும்

படம் நிறமில்லாமல் வருவதாக எழுதியதிலிருந்து, நீங்கள் மஞ்சள் வயரைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்று விளங்குகிறது. இன்றைய டீவிகள் பலவற்றில் பச்சைத் துளையும் மஞ்சள் துளையும் ஒன்றுதான். டீவி 'கம்போனன்ட்' என்ற நிலையில் இருக்கும்போது அதில் மஞ்சள் வயரைக் கொழுவினால் நிறம் வராது. சோர்ஸை 'ஏ.வி.' என்று மாற்றுங்கள். அதிலும் சரிவராவிட்டால் ப்ளேயரின் 'செட்அப்' பகுதிக்குப் போய், டீவி முறையை 'பால்' அல்லது 'ஓட்டோ' என்று வையுங்கள். நம் நாட்டுத் தொலைக்காட்சி 'பால்' முறையில் வளர்ந்தது. அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளின் முறை 'என்.டி.எஸ்.சி.' ஒரு முறையை மட்டும் அறிந்த பழைய டீவிக்கு மற்ற முறையில் படத்தை அனுப்பினால் நிறம் போய்விடும். எச்.டி.எம்.ஐ. வயருக்கு மாறினால் இந்தத் தொல்லையே இல்லை.

இசை கேட்டுப் பேச்சு மட்டும் கேட்காவிட்டால், நடு ஸ்பீக்கரின் வயரைப் பாருங்கள். ஆறு பெட்டிக்கென்று பதிவு செய்த டிஸ்க்குகளில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குத்தான் போகும். அந்த வயர் கழன்றிருந்தால் மனிதர் வாயசைப்பார், குரல் வராது. ஒலியே அறவே இல்லையென்றால், ப்ளேயரின் ஒலிப் பகுதியில் 'பிட்ஸ்ட்ரீம்' என்று இருப்பதை 'பி.சி.எம்.' என்று மாற்றிப் பாருங்கள். கல்யாண டிஸ்க், பயான், கிராஅத் ஆகியவை பெரும்பாலும் இரண்டு ஸ்பீக்கருக்கென்று பதிவானவை. அவற்றைக் கேட்கும்போது செட்டை 'ஸ்டீரியோ'வில் வைத்தால் குரல் தெளிவாக இருக்கும்.

பாஸ் பெட்டியைச் சுவரை ஒட்டி, மூலையில் வைக்க வேண்டாம். அதன் அதிர்வு பக்கத்து வீட்டுக்குள் போகும். அண்டை வீட்டாரின் உரிமையை மார்க்கம் எவ்வளவு வலியுறுத்தியிருக்கிறது என்பது நமக்குத் தெரியும். அவர் எந்த இனத்தவராக இருந்தாலும் அந்த உரிமை ஒன்றுதான். பாங்கு சொல்லும்போது நிறுத்திவிடும் பழக்கத்தையும் பிள்ளைகளுக்கு ஏற்படுத்துங்கள்.

'ரீஜன்' என்றால் என்ன?

படக் கம்பனிகள் டீவீடீக்காக உலக நாடுகளை ஆறு பிரிவுகளாகப் பிரித்து, ஒரு பிரிவின் டிஸ்க் மற்றப் பிரிவின் ப்ளேயரில் ஓடாதபடி செய்தன. கட்டார் முதலான வளைகுடா நாடுகள் 2ஆம் பிரிவில், இலங்கையும் இந்தியாவும் 5ஆம் பிரிவில் வருகின்றன. ப்ளூ-ரே டிஸ்க்கில் வளைகுடா 'பி' பிரிவு, நாம் 'சி' பிரிவு. கார்ட்டூன் டிஸ்க் மறுப்பதற்குக் காரணம் இதுவே, ப்ளேயரில் பழுதில்லை. உறையில் பூமி உருண்டைப் படத்துக்குள் உள்ள இலக்கத்தைப் பாருங்கள். '0' அல்லது 'ஓல்' என்றிருப்பது எல்லா ப்ளேயரிலும் ஓடும். வெளிநாட்டில் வாங்கும் பிள்ளைகளிடம், 'எல்லா ரீஜனும் ஓடுமா?' என்று கடையில் கேட்டு வாங்கும்படி சொல்லி வையுங்கள்.

நிக்காஹ் டிஸ்க்

இனி முக்கிய விடயத்துக்கு வருவோம். வீடியோக்காரர் பதிவு செய்து கொடுத்த டிஸ்க்குக்கு ரீஜன் எதுவும் கிடையாது. ஆகவே அது ஓடாததற்குக் காரணம் வேறு.

கடையில் விற்கும் படத் டிஸ்க் தொழிற்சாலையில் அச்சில் அழுத்திச் செய்யப்படுவது. நாம் பதிவு செய்யும் டிஸ்க் அப்படியல்ல. அதற்குள் ஒரு மெல்லிய சாயப் படலம் இருக்கிறது. லேசர் ஒளி அந்தச் சாயத்தைச் சுட்டுத்தான் பதிகிறது. வெயிலும் சூடும் ஈரமும் பட்டால் சாயம் மங்கும். மங்கினால் ப்ளேயருக்கு அது வெறும் டிஸ்க்காகத்தான் தெரியும். ஆனாலும் உடனே மனம் தளர வேண்டாம். அழுக்குப் பட்டிருந்தாலும், பதிவு செய்தவர் 'ஃபைனலைஸ்' செய்யாமல் விட்டிருந்தாலும் இதே செய்திதான் திரையில் வரும்.

முதலில் துப்புரவு செய்யுங்கள். மென்மையான பருத்தித் துணியைச் சுத்தமான தண்ணீரில் சிறிது நனைத்து, நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. பதிவு வட்டமாகவே ஓடுகிறது. வட்டமான கீறல் ஒரே இடத்தில் நீண்ட பகுதியை அழித்துவிடும், குறுக்குக் கீறலைப் ப்ளேயர் சமாளித்துக்கொள்ளும். பெற்றோல், தின்னர் எதுவும் வேண்டாம். நன்றாக உலர்ந்த பிறகு ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஓடாவிட்டால், பழைய டீவீடீ ப்ளேயர் வைத்திருக்கும் உறவினர் வீட்டில், அதன் பிறகு கம்பியூட்டரில் பாருங்கள். ஒரு லேசருக்குத் தெரியாதது இன்னொன்றுக்குத் தெரிவது உண்டு.

எங்கே ஓடினாலும், உட்கார்ந்து பார்த்துக்கொண்டிராமல் அங்கேயே பிரதி எடுத்துவிடுங்கள். சாதாரண டீவீடீ ஒன்றின் கொள்ளளவு 4.7 ஜி.பி.; 16 ஜி.பி. பென்டிரைவ் ஒன்றில் அப்படி மூன்று டிஸ்க்குகள் அடங்கும். டிஸ்க்கில் உள்ளதை உள்ளபடியே பிரதி எடுக்கச் சொல்லுங்கள். டீவித் திரையை ஃபோனால் படம் பிடிப்பது பிரதி ஆகாது. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை உங்களிடமும் மற்றதை மகள் வீட்டிலும் வையுங்கள்.

கடையில் கொடுப்பதாயின் இன்னொன்றையும் கவனியுங்கள். நிக்காஹ் டிஸ்க்கில் நம் வீட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். அது ஓர் அமானிதம். வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் கம்பியூட்டரில் எடுத்துத் தருவதே நல்லது. முடியாவிட்டால் நம்பிக்கையான கடையில், குடும்பத்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்து எடுத்து, கடைக் கம்பியூட்டரில் உள்ளதை அழித்த பிறகே எழுந்து வர வேண்டும்.

நாளை பார்க்கலாம் என்று விடலாமா?

சீடீ 1982இல் கடைக்கு வந்தது; டீவீடீ 1996இல் ஜப்பானில் வந்தது; ப்ளூ-ரே 2006இல் வந்தது. இப்போது அவை ஒவ்வொன்றாக விடைபெறுகின்றன. சாம்சங் 2019இல் புதிய ப்ளூ-ரே ப்ளேயர்களை நிறுத்தியது. எல்.ஜி. 2024இல் நிறுத்தியது. பதிவு செய்யும் ப்ளூ-ரே டிஸ்க் தயாரிப்பை சோனி 2025 பெப்ரவரியில் முடித்துக்கொண்டது. இன்றைய லப்டொப்புகளில் டிஸ்க் போடும் தட்டே இருப்பதில்லை. டிஸ்க் அலுமாரியில் பத்திரமாக இருந்தும், அதை ஓட்டும் கருவி ஊரில் இல்லாத நாள் தூரத்தில் இல்லை. கஸட்டுக்கு நேர்ந்ததை நாம் கண்டோம். உம்மம்மாவின் குரல் பதிந்த கஸட்டை வைத்துக்கொண்டு, ஓட்டுவதற்கு ரேடியோ தேடும் வீடுகள் இன்றும் எத்தனையோ!

ஆகவே வாசகர்களே, வீட்டுக்கு டிஸ்க் ப்ளேயர் வந்தால் முதல் நாள் படம் பார்க்கும் நாளாக இருக்க வேண்டாம். அலுமாரியைத் திறந்து, குடும்பத்தில் பதிவு செய்த டிஸ்க்குகளை எல்லாம் எடுத்து ஒரு பட்டியல் எழுதுங்கள். வபாத்தானவர்களின் குரல் உள்ளவற்றை முதலில் பிரதி எடுங்கள். அந்தக் குரலைக் கேட்கும்போது அவர்களுக்காக துஆச் செய்யப் பிள்ளைகளும் பழகிக்கொள்வார்கள். பிறகு டிஸ்க்குகளை உறையிலிட்டு, வெயில் படாத, ஈரமில்லாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். அவற்றின் மேல் போல்பொயின்ட் பேனாவால் எழுத வேண்டாம்.

அந்தத் தாயின் கணவருக்கும், நம்மை முந்திச் சென்ற எல்லோருக்கும் அல்லாஹ் மஃபிரத்தை வழங்குவானாக! ஆமீன்.

அடுத்த மாதம், இன்ஷா அல்லாஹ், பழைய கஸட்டுகளைப் பற்றிப் பார்ப்போம். வஸ்ஸலாம்.