உடுவிலுக்கு வந்த தாய்



வின்சிலோவின் தமிழ் ஆங்கில அகராதியை எங்களில் சிலர் ஊர் நூலகங்களில் கண்டிருப்போம். 1862இல் சென்னையில் அச்சானது. 67,000க்கு மேற்பட்ட சொற்கள். அதைத் தொகுத்து முடித்த மைரன் வின்சிலோ பாதிரியாரின் பெயர் நிலைத்துவிட்டது. அவருடைய மனைவி ஹரியட்டை எத்தனை பேருக்குத் தெரியும்? இம்முறை அந்த அம்மாவைப் பற்றி எழுதுகிறோம்.

ஹரியட் 1796இல் அமெரிக்காவின் நோர்விச் என்ற ஊரில் பிறந்தவர். 1819இல் கலியாணம் முடித்து, அதே வருடம் யூன் மாதம் கணவருடன் பொஸ்ரனில் கப்பலேறினார். யாழ்ப்பாணம் வந்து உடுவிலில் குடியேற 1820 ஆகிவிட்டது. அங்கே இருந்து தமிழ் படித்தார்.

அவர்கள் மதம் பரப்பத்தான் வந்தார்கள். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்த நாளில் பெண்பிள்ளைக்கு எழுத்துப் படிப்பிக்கும் வழக்கம் எங்கள் ஊரில் அருமை. வேதக்காரர் வீட்டில் தங்கிச் சாப்பிட்டால் சாதி கெட்டுவிடும் என்ற பயமும் பெற்றோருக்கு இருந்தது. அப்படியிருந்தும் 1824இல் உடுவிலில் பெண்களுக்கு விடுதியோடு ஒரு பாடசாலை தொடங்கியது. தன் சின்னப் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு அதை நடத்தியவர் ஹரியட். அதுதான் இன்றைய உடுவில் மகளிர் கல்லூரி. 2024இல் அதற்கு 200 வயது நிறைந்தது. எங்கள் குடும்பங்களில் எத்தனை அம்மாமார், அம்மம்மாமார் அங்கே படித்தவர்கள்!

படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பிய மகன் சார்ள்ஸ் 1832இல் பதினொரு வயதில் அங்கே இறந்துபோனான். தாய் பக்கத்தில் இல்லை. கப்பலில் கடிதம் வர மாதக்கணக்காகும் காலம். அடுத்த வருடம், 1833 தை மாதம், ஹரியட்டும் உடுவிலில் கண்மூடினார். வயது 36. பிறந்த ஊரை அவர் திரும்பக் காணவேயில்லை.

எங்கள் தாய்மாரும் பிள்ளைகளைத் தனியே விமானம் ஏற்றி அனுப்பிவிட்டு ஊரில் இருந்தவர்கள்தான். இன்று வேலைத்தலத்தில் இடைவேளைக்குக் கைத்தொலைபேசியில் அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கதைக்கிறோம். அந்த ஆறுதல்கூட ஹரியட்டுக்குக் கிடைக்கவில்லை. செபமும் வேலையும்தான் அவருக்குத் துணை.

அவர் விரும்பி வந்தவர், நாங்கள் துரத்தப்பட்டு வந்தவர்கள். இரண்டையும் ஒன்றாக்க முடியாது. ஆனாலும், "பாஷை தெரியாது, நான் வெளியில் போய் என்ன செய்கிறது?" என்று வீட்டுக்குள்ளேயே இருக்கும் புதிதாக வந்த அம்மாமாருக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறோம். ஹரியட்டும் பிறத்தி ஊரில், தெரியாத பாஷையில், கையில் பிள்ளையோடு தொடங்கியவர்தான். உங்கள் பகுதியில் மொழி வகுப்பு எங்கே நடக்கிறது என்று பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலோ நூலகத்திலோ விசாரியுங்கள். தனியே போகக் கூச்சமாக இருந்தால் பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். தகப்பன்மாரே, அந்த இரண்டு மணித்தியாலம் பிள்ளைகளை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

அடுத்த இதழில் சந்திப்போம்.