சாவியைக் கதவிலயே விடுறதா?

போன வருசம் கிளிநொச்சியில ஒரு சின்னச் சங்கத்துக்கு நானும் நண்பனும் மென்பொருள் செய்து குடுத்தம். அங்கத்தவரின்ர பேர், அடையாள அட்டை இலக்கம், கடன் விபரம் எல்லாம் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில. அதின்ர கடவுச்சொல்லை நிரலுக்குள்ளயே எழுதி, கிட்ஹப்பில எல்லாரும் பார்க்க ஏத்திவிட்டம். ரெண்டு நாளுக்குப் பிறகுதான் கண்ணில பட்டது. அந்த வரியை அழிச்சாலும் கிட் பழைய பதிப்பை வைச்சிருக்கும், கடவுச்சொல்லையே மாத்தினம். நல்லகாலம், வேறொண்டும் நடக்கேல்லை.

"சூழல் மாறியில போடு" எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம். நிரலையும் இரகசியத்தையும் பிரிக்க அது நல்ல முதற்படி. ஆனால் அதோட நிக்கக்கூடாது எண்டதுதான் என்ர கருத்து. ஷெல்லில எக்ஸ்போர்ட் கட்டளையோட கடவுச்சொல்லை அடிச்சால், அது வழமையா பாஷின்ர வரலாற்றுக் கோப்பில தங்கிவிடும். சில இயங்குதளங்களில மற்றப் பயனர்களும் சூழல் மாறிகளைப் பார்க்கலாம். அதனால கடவுச்சொல்லை அப்பிடிக் குடுக்க வேண்டாம் எண்டு போஸ்ட்கிரெஸ் ஆவணமே சொல்லுது.

அது காட்டுற வழி, வீட்டு அடைவில புள்ளியோட தொடங்கிற 'பிஜிபாஸ்' கோப்பு. சிஎச்மோட் 600 குடுத்து, உரிமையாளர் மட்டும் வாசிக்க விடோணும். லினக்ஸில அனுமதி அதைவிடத் தளர்வெண்டால் போஸ்ட்கிரெஸ் அந்தக் கோப்பைக் கணக்கிலயே எடுக்காது.

இதெல்லாம் சின்ன விசயமெண்டு நினையாதேங்கோ. 2009இல் மெனிக் பாம் முகாமில பதிவுக்கு நிண்ட சனம் எங்கட சனம். ஒரு பட்டியல் ஆரின்ர கையில போகுதெண்ட பயம் அவைக்குத் தெரியும். அப்பிடியிருந்தும் எங்களை நம்பிப் பேர் தந்தவை.