கண் கொடுத்தவர் பேயாவதா?

பார்வையற்றுக் கிடந்தவனுக்குப் பார்வை வந்தால், முதன்முதல் அவன் எதைக் காண்பான்? தாயின் முகத்தை என்பான் கவிஞன். ஒளியை என்பான் அறிஞன். பேயை என்கிறான் படமுதலாளி!

2002-இல் ஹாங்காங் நகரத்துப் பாங் உடன்பிறந்தார் எடுத்த 'தி ஐ' என்னும் படத்திலே தொடங்கிற்று இந்தப் பேயாட்டம். இளமையிலேயே பார்வை இழந்த மங்கை ஒருத்தி, வயலின் வாசிப்பவள். இறந்துபோன ஒருத்தியின் கருவிழிப் படலத்தைப் பெற்றுக் கண் திறக்கிறாள். திறந்த கண்ணுக்கு ஆவிகள் தெரிகின்றன. சாகப்போகிறவரை அழைத்துச் செல்லும் கருநிழல்கள் தெரிகின்றன. கண்ணாடியிலே தன் முகம் தெரியாமல் இன்னொருத்தியின் முகம் தெரிகிறது! 2004-இல் சினேகா நடிக்க, 'அது' என்று தமிழ் பேசிற்று அந்தப் பேய். 2005-இல் ஊர்மிளா நடிக்க, 'நைனா' என்று இந்தி பேசிற்று. 2008-இல் ஜெசிகா ஆல்பா நடிக்க, ஹாலிவுட்டிலே ஆங்கிலம் பேசிற்று. நாடு மாறிற்று, மொழி மாறிற்று, நாயகி மாறினாள், பொய் மட்டும் மாறவில்லை!

"கதைதானே! பொழுதுபோக்குத்தானே! இதற்கு ஏன் இவ்வளவு சீற்றம்?" என்று கேட்பார் உண்டு. சுடுகாட்டிலே பேய் உலவுகிறது என்று படம் எடுத்தால் நாம் சிரித்துவிட்டுப் போவோம். ஆனால் இந்தப் பேய் சுடுகாட்டிலிருந்து வரவில்லை. அறுவைக் கூடத்திலிருந்து வருகிறது! மருத்துவர் வருகிறார், கட்டு அவிழ்க்கப்படுகிறது, அறிவியல் பேசப்படுகிறது. அறிவியலின் வெள்ளாடையைப் பேய்க்குப் போர்த்தி அனுப்புகிறார்கள். எனவேதான் சிரித்துவிட்டுப் போக நம்மால் முடியவில்லை.

கருவிழிப் படலம் என்பது யாது? கண்ணின் முன்புறத்திலே, நடுவில் அரை மில்லிமீட்டர் அளவே தடிப்புள்ள, ஒளி புகும் மெல்லிய தோல். அதிலே குருதிக் குழாய் கிடையாது. அது எதையும் பார்ப்பதில்லை. ஒளியை வளைத்து உள்ளே விடுகிறது, அவ்வளவே. உருவம் விழுவது பின்னே உள்ள விழித்திரையில். அதைக் கொண்டுசெல்வது பார்வை நரம்பு. காண்பது மூளை! பலகணிக் கண்ணாடியைக் கழற்றி வேறொரு வீட்டிலே பொருத்தினால், பழைய வீட்டுச் சண்டை புதிய வீட்டிலே தெரியுமா? தெரியும் என்கிறது படம்! பணம் கொடுத்துப் பார்த்து, நடுங்கி வருகிறோம் நாம்!

1905-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள், இன்றைய செக் நாட்டிலே உள்ள ஓலமோட்ஸ் நகரில், எட்வர்டு சிர்ம் என்னும் மருத்துவர் இந்த அறுவையை முதன்முதல் வெற்றியாக முடித்தார். சுண்ணாம்பு பட்டுக் கண் வெந்த உழைப்பாளி அலோயிஸ் குளோகர். அவருக்குக் கிடைத்ததோ, இரும்புத் துண்டு பாய்ந்து கண்ணையே அகற்ற நேர்ந்த 11 வயதுச் சிறுவனின் கருவிழிப் படலம். குளோகரின் கண் முன்னே அந்த இரும்பு பறந்து வந்ததா? சிறுவனின் அலறல் உருவெடுத்து நின்றதா? இல்லை. பார்வை பெற்றார், தம் வேலைக்குத் திரும்பினார். ஒரு கண் பிழைத்தது, ஒரு மனிதன் நிமிர்ந்தான். இதைவிட வியப்பான கதை எந்தப் பேய்க்கு உண்டு?

இன்னொன்றையும் நோக்குக! ஹாங்காங் நங்கைக்குக் கண் வந்தது தாய்லாந்துச் சிற்றூரிலிருந்து. லாஸ் ஏஞ்சல்ஸ் நங்கைக்குக் கண் வந்தது மெக்சிகோச் சிற்றூரிலிருந்து. கண் போவது பணக்கார நகரத்துக்கு; பேய் பிறப்பது ஏழையின் குடிசையில்! கொடுத்தவள் ஏழை. கொடுத்தவளே அச்சத்துக்கும் காரணம்! கொடைக்கு இதுவா கைம்மாறு?

அந்த ஏழைப் பெண்ணைச் சூனியக்காரி என்று தூற்றுகிறது ஊர். வரப்போகும் கேட்டை அவள் முன்னே உரைத்தாள், கேட்பார் இல்லை, தூற்றுதல் தாங்காது மாண்டாள். படம் அவளுக்காகக் கண்ணீர் வடிக்கிறது, மெய்தான். ஆனால் அவளிடம் மந்திர ஆற்றல் இருந்தது என்றும் அதே படம் அடித்துச் சொல்கிறது. அவள் சூனியக்காரி அல்லள் என்று சொல்ல நா எழவில்லை. நல்ல சூனியக்காரி என்கிறது! அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியிலே 1692-இல் சூனியக் குற்றம் சாட்டித் தூக்கிலிட்டோர் தொகை 19. அந்த வழக்குகளிலே, சாட்சிகள் தம் கண்ணுக்கு மட்டும் தெரிந்ததாகச் சொன்ன ஆவியுருவங்கள் சான்றாக ஏற்கப்பட்டன. பிறருக்குத் தெரியாத உருவம் ஒருத்தியின் கண்ணுக்குத் தெரியும் என்ற நம்பிக்கை, வெறும் பொழுதுபோக்கா? கழுத்துக்குக் கயிறு திரித்த நம்பிக்கை அது!

இக் கதைக்கு வித்து எது? கருவிழி மாற்று பெற்ற பதினாறு வயதுப் பெண்ணொருத்தி, சில நாளிலே தன்னுயிரைத் தானே போக்கிக்கொண்டாள் என்ற நாளேட்டுச் செய்தியே என்று படைத்தவர்கள் கூறியுள்ளனர். பார்வை பெற்ற ஒரு சிறுமி ஏன் வாழ மறுத்தாள்? நெஞ்சை உலுக்கும் கேள்வி! அதற்குப் படம் தந்த விடை: பேய்!

அறிவு தரும் விடை வேறு. இங்கிலாந்திலே, பத்து மாதக் குழந்தையாய் இருந்தபோது பார்வை இழந்து, 52 வயதிலே கருவிழி மாற்றுப் பெற்ற ஒருவரை ரிச்சர்டு கிரகரி என்னும் உளவியலார் ஆய்ந்தார். எஸ்.பி. என்று நூல்கள் குறிக்கும் அவர், கடைசல் பொறியைக் கண்ணால் கண்டும் விளங்காது நின்றார். கண்ணை மூடிக் கையால் தடவினார். பின்னர்த்தான் கண் திறந்து கண்டுகொண்டார். விரல் அறிந்ததைத்தான் விழி அறிந்தது! உரிந்த வண்ணமும் மங்கிய சுவரும் அவரை வாட்டின. மாலையில் விளக்கேற்றாமல் இருளிலே அமர்ந்திருந்தார். ஏக்கத்தில் ஆழ்ந்து 1960-இல் மறைந்தார். பார்வை வந்தால் போதாது, பார்க்கக் கற்கவேண்டும். கற்கும்வரை கைப்பிடிக்க ஆள் வேண்டும். அந்தச் சிறுமியின் நெஞ்சில் என்ன இருந்ததோ, நாம் அறியோம். பேய் இல்லை என்பது மட்டும் உறுதி. துணை வேண்டிய துயரைத் திகில் ஆக்கி விற்றனரே, அதுதான் கொடுமை!

முடிவைப் பாருங்கள்! ஹாங்காங் படத்திலும் ஹாலிவுட் படத்திலும், பெருந்தீயொன்றில் நாயகி மீண்டும் பார்வை இழக்கிறாள். இழந்தபின் அமைதி அடைகிறாள். இருளே இன்பம் என்பதுதானே பாடம்? வகுப்பறையிலே நின்று "கண் திற, படி, ஆராய்" என்று சொல்லும் நாம், கொட்டகையிலே "கண் மூடு, நிம்மதி" என்று சொல்வோரை எப்படி வாழ்த்துவது?

'நைனா' வெளிவந்தபோது, கண் கொடை குன்றிவிடும் என்று மருத்துவர்களே அஞ்சி எதிர்த்தனர். வீண் அச்சமன்று. கண்ணை எடுத்தால் மறுபிறவியில் குருடாய்ப் பிறப்பர் என்று முதியோர் தடுக்கும் நாட்டிலே, கண் வாங்கினால் பேய் தெரியும் என்று இளையோரையும் அச்சுறுத்தலாமா? 1945-இலேயே டாக்டர் முத்தையா கண் வங்கி நிறுவிய சென்னை இது. அந்த ஊரிலா 'அது' ஓடவேண்டும்?

தோழர்களே! இறந்தபின் ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தால், ஒருவர் தரும் இரு கண்கள் இருவருக்கு ஒளியாகும். முதுமை தடையன்று; மூக்குக்கண்ணாடி தடையன்று; கண்புரை அறுவை செய்துகொண்டவரும் தரலாம். தடை ஒன்றே ஒன்று: அச்சம். அதைப் படமுதலாளி விற்கிறான். நாம் வாங்க மறுப்போம். மண்ணுக்குப் போகும் கண்ணை மனிதனுக்குத் தருவோம். அந்தக் கண்ணில் பேய் தெரியாது. கொடுத்தவரின் பெருமை தெரியும்!