கடலில் இறங்கிய ரயில் பெட்டிகள்

ஓடித் தேய்ந்த வாகனம் மீனுக்கு வீடாகுமா?

நியூயோர்க் நகரின் சுரங்க ரயில் பெட்டிகளில் 2,500க்கும் அதிகமானவை, 2001 முதல் 2010 வரை அத்திலாந்திக் கடலில் இறக்கப்பட்டன. கதவு, கண்ணாடி, சக்கரம், எண்ணெய் யாவும் முன்னரே அகற்றப்பட்டன. டெலவெயார் கரைக்கு அப்பால் அவற்றில் சிப்பிகள் ஒட்டின; மீன்கள் குடியேறின. ஆனால் பின்னர் நியூ ஜேர்சிக் கடலில் இறக்கிய துருப்பிடிக்காத உருக்குப் பெட்டிகளோ சில மாதங்களிலேயே நொறுங்கின.

நமது நாட்டிலும் 2021 ஜூனில் வடகடலில் பழைய பஸ்கள் இறக்கப்பட்டன. தமிழக மீனவர்கள் எதிர்த்தனர்.

கரைவலையை நம்பி வாழும் கல்முனைக் கரையார் நாம் கேட்கவேண்டியவை மூன்று: எண்ணெய் கழுவப்பட்டதா? இரும்பு எத்தனை காலம் நிற்கும்? அது வலை விழும் இடமா? கடல் குப்பைமேடல்ல, நம் பிள்ளைகளுக்குரிய அமானிதம்.