‘சுமார்’ தொண்ணூறாயிரம் பேர்!

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவிகுளம் பக்கத்து எஸ்டேட் லயம் ஒன்றிலிருந்து இளைஞர் ஒருவர் பாலக்காட்டில் நம் சங்க அறைக்கு வந்து சேர்ந்தார். மலையிறங்கி, பஸ் மாறிக் களைத்து வந்தவர் காப்பியைக்கூடத் தொடாமல் செல்போனை எடுத்து நீட்டினார். விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்துச் சயாம்–பர்மா ரயில் பாதையைப் பற்றிய கட்டுரை அதில் இருந்தது.

“அண்ணே, யார் வேணும்னாலும் இதுல எழுதலாம். நம்ம ஆளுங்களைப் பத்தி நாலு வரி எழுதி வெச்சிருக்கேன். ஏத்துறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பாத்துருங்க” என்றார்.

பார்த்தோம். அவருடைய அப்பத்தாவின் பெரியப்பா, கங்காணியோடு மலாயாவுக்கு ரப்பர்த் தோட்ட வேலைக்குப் போனவர். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போனான். காலராவில் செத்தார். எரித்தார்களா, புதைத்தார்களா என்பது யாருக்கும் தெரியாது. கூடப் போன ஒருவர் சண்டை முடிந்து கப்பலேறி வந்து சேதி சொன்னாராம். அவர் கொண்டுவந்து கொடுத்த, வாழைமரப் படம் போட்ட ஜப்பான் பத்து டாலர் நோட்டு ஒன்று இன்னமும் அந்த வீட்டுத் தகரப் பெட்டியில் கிடக்கிறது.

படித்து முடித்ததும் சற்று நேரம் எமக்குப் பேச்சு எழவில்லை. பிறகு, “தம்பி, இதை இப்படியே ஏற்றாதே” என்றோம். அவர் முகம் சுருங்கிவிட்டது. “நீங்களே இப்படிச் சொன்னா?” என்று கேட்டார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் முழு விளக்கமும் சொல்ல இயலவில்லை. அதை இங்கே சொல்லுகிறோம். இதே கேள்வியோடு இருக்கிற மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும்.

முதலில், விஷயம் அறியாதவர்களுக்காகச் சில விவரங்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. பர்மாவில் நின்ற தன் படைக்குக் கடல்வழியே சாமான் அனுப்புவது ஆபத்து என்று கண்ட ஜப்பானிய ராணுவம், சயாம் நாட்டின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் தண்டவாளம் போடத் துணிந்தது. பாலக்காட்டிலிருந்து திருவனந்தபுரம் போகிற ரயில் தூரத்தைவிட இது அதிகம். அடர்ந்த காடு, பாறை, ஆறு, ஓயாத மழை. அத்தனையையும் வெட்டிக் கடந்து ஒன்றரை ஆண்டுக்குள், 1943 அக்டோபர் 17 அன்று, இருமுனைத் தண்டவாளங்களும் சேர்ந்தன. ரயில்வேயில் வேலை பார்க்கிற எமக்கு, அந்த வேகத்துக்கு என்ன விலை கொடுத்திருக்க வேண்டும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

வேலை செய்தவர்கள் இரு பிரிவினர். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்கப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். அவர்களில் இறந்தோர் 12,000 பேருக்கு மேல். மற்றவர்கள் ஆசியக் கூலிகள். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர், சீனர் எனப் பலரும் இருந்தார்கள். இவர்களின் தொகை ஒன்றே முக்கால் லட்சம் என்பாரும் உண்டு, இரண்டரை லட்சத்துக்கு மேல் என்பாரும் உண்டு. இறந்தோர் ‘சுமார்’ 90,000 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டோரில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்.

அவர்கள் ஏன் போனார்கள்? போர் வந்ததும் ரப்பர் வாங்க ஆளில்லை. தோட்டங்களில் வேலை நின்றது, அரிசி இல்லை. நாளுக்கு ஒரு டாலர் கூலி, மூன்று மாத வேலை, பிறகு திரும்பி விடலாம் என்று ஆசை காட்டினார்கள். பசித்தவன் போனான். போனவன் திரும்பாததைக் கண்டு மற்றவர்கள் மறுத்தபோது, தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கேட்டு வாங்கினார்கள், வழியில் கண்டவர்களையும் பிடித்தார்கள். தலைகளை எண்ணினார்களே தவிர, பெயர்களைக் காக்க ஒருவரும் இல்லை.

‘சுமார்’ என்ற இந்தச் சொல்தான் நம்மை உறுத்துகிறது. எங்கள் பார்சல் ஆபீசில் ஒரு கூடை வெற்றிலை காணாமல் போனாலும் எந்த வண்டி, எந்தத் தேதி, யார் கையெழுத்து என்று பதிவேட்டில் தேடலாம். 90,000 மனிதர்களுக்குச் ‘சுமார்’!

கைதிகளுக்கு மட்டும் எப்படிச் சரியான கணக்குக் கிடைத்தது? அவர்களோடு அவர்களுடைய அதிகாரிகள் இருந்தார்கள், டாக்டர்கள் இருந்தார்கள். உயிரைப் பணயம் வைத்து இறந்தவர் பட்டியலை ரகசியமாக எழுதி மறைத்து வைத்தார்கள். போர் முடிந்ததும் அந்தத் தாள்கள் சாட்சி சொல்லின. இன்று காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் 6,900க்கு மேற்பட்ட சமாதிகள் வரிசையாக நிற்கின்றன. பின்னர் அவர்கள் நினைவுக் குறிப்புகள் எழுதினார்கள், நாவல் வந்தது. 1957இல் ‘குவாய் நதிப் பாலம்’ ஆங்கிலப் படமும் வந்து ஏழு ஆஸ்கர் பரிசுகளை அள்ளிப் போயிற்று. (அந்தப் படத்தை எடுத்தது இலங்கையில். தோட்டத் தமிழர் வாழும் நாட்டில் எடுத்த படத்தில் தோட்டத் தமிழன் இல்லை!)

கூலிகளின் கூடாரங்களில் டாக்டர் இல்லை. பட்டியல் எழுத ஆள் இல்லை. கைநாட்டு வைத்துப் போனவர்கள் டைரி எழுதவில்லை. 1990இல் காஞ்சனபுரியில் ஒரு வயலைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் கிடைத்தன. அவர்கள் யார், எந்த ஊர் என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. தமிழர் நினைவாக அங்கே ஒரு நடுகல் எழும்பியதே 2023இல்தான்.

இனிக் கலைக்களஞ்சியத்துக்கு வருவோம். விக்கிப்பீடியா 2001இல் ஆங்கிலத்தில் தொடங்கியது. மலையாளத்தில் 2002, தமிழில் 2003. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்பது உண்மை. ஆனால் எழுதுவதற்கு அச்சான, நம்பத்தக்க சான்று காட்ட வேண்டும். நாமே கண்டதையும் கேட்டதையும் புதிதாக அங்கே எழுதக் கூடாது என்பது அதன் விதி. நம் தம்பி எழுதிய நாலு வரியை ஏற்றியிருந்தால், ‘சான்று இல்லை’ என்று யாராவது நீக்கியிருப்பார்கள். அவர் மறுபடி ஏற்றுவார், அவர்கள் மறுபடி நீக்குவார்கள். கடைசியில் அவர்மேல் தடை விழும். அப்பத்தாவின் பெரியப்பா இரண்டாம் முறையும் காணாமல் போவார்.

‘எழுத்தறிவில்லாத மக்களிடம் அச்சுச் சான்று கேட்பது நியாயமா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எமக்கும் அந்த ஆத்திரம் உண்டு. அதே சமயம், இந்த விதி இல்லாவிட்டால் நாளைக்கே ஒருவன் வந்து, ‘கூலிகள் விரும்பிப் போனார்கள், நல்ல சம்பளம் வாங்கினார்கள்’ என்று எழுதிவிட்டுப் போவான். அதை அழிக்க நாம் எந்த விதியைக் காட்டுவது?

நம் பகுதியிலேயே இன்னொரு காட்சியைப் பார்க்கிறோம். பாலக்காட்டுக் கோட்டையை 1766இல் கட்டியவர் ஹைதர் அலி. 1790இல் ஆங்கிலேயர் அதைப் பிடித்தனர். இந்த மைசூர்ப் போர்களையும் திப்புவையும் பற்றிய பக்கங்களில் ஒவ்வொரு சொல்லுக்கும் இழுபறி. நம் பிள்ளைகளில் சிலரும் ராத்தூக்கம் கெட்டு அந்தச் சண்டையில் இறங்குகிறார்கள். ராஜாக்களுக்காகச் சண்டை போட ஆள் நிறைய உண்டு தம்பிகளே, அங்கே நீங்கள் குறைந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. சயாம் பாதைக்கு ஆள் குறைவு.

என்ன செய்யலாம்? அச்சில் ஏற்கெனவே இருப்பதை முதலில் பயன்படுத்துவோம். பால் கிரடோஸ்கா என்ற வரலாற்றாசிரியர் தொகுத்த, போர்க்கால ஜப்பானியப் பேரரசில் ஆசியத் தொழிலாளர் பற்றிய ஆங்கில நூல் 2005இல் வந்திருக்கிறது. அதைப் போன்ற நூல்களிலிருந்து பக்க எண்ணோடு எடுத்து எழுதினால் யாரும் எளிதில் நீக்க முடியாது. நீக்கினாலும், பழைய வாசகம் கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில் அழியாமல் இருக்கும். உரையாடல் பக்கத்தில் காரணம் கேட்கலாம், மரியாதையாக வாதாடலாம். மலேசியத் தமிழ் எழுத்தாளர் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்ற நாவலே எழுதியிருக்கிறார். அவசியம் படியுங்கள். ஆனால் நாவலைக் காட்டி எண்ணிக்கையை நிலைநாட்ட முடியாது.

இன்னொன்று. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளர்கிறவர்கள். இதை ஒரு குறையாகவே பேசிப் பழகிவிட்டோம். இந்த வேலைக்கு அதுவே பலம். ஒரே செய்தியைத் தமிழிலும் மலையாளத்திலும் பிழையில்லாமல் எழுத நம்மைப்போல் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

அச்சில் இல்லாததை அச்சுக்குக் கொண்டுவருவது சங்கத்தின் பொறுப்பு. கங்காணிகள் மூணாறு மலைக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் ஆள் திரட்டிய காலம் ஒன்றுதான். ஒரு தாய் மக்களில் ஒருவர் இங்கே தேயிலைக்கும் ஒருவர் அங்கே ரப்பருக்கும் போன குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலி ஆள் அனுப்புவதைத் தடுக்கும்வரை இது நடந்தது. அப்படிப் போய்த் திரும்பாதவர் உங்கள் வீட்டில் உண்டா? பெயர், தகப்பன் பெயர், சொந்த ஊர், போன தோட்டம், கடைசிக் கடிதம் வந்த ஆண்டு, சேதி சொன்னவர் யார் என்பதை எழுதி அனுப்புங்கள். பழைய கடிதம், போட்டோ, நோட்டு எது இருந்தாலும் படம் எடுத்தனுப்பினால் போதும், அசலை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். பெரியவர்கள் பேசுவதைச் செல்போனில் பதியுங்கள். குறுக்கே பேசாமல், தேதியும் இடமும் முதலில் சொல்லிப் பதியுங்கள். திரட்டியதை நூலாக்கிப் பொது நூலகங்களில் வைப்போம். நம் வெளியீட்டையே சான்றாக ஏற்பார்களா என்பதை அப்போது வாதாடிப் பார்க்கலாம். ஆராய்ச்சியாளர் ஒருவர் எடுத்து எழுதினால் அந்த வாதமும் தேவைப்படாது.

அப்பத்தாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. வருகிற ஞாயிறு நாமே மலையேறுகிறோம். அடுத்த இதழில் முதல் பெயராக அவருடைய பெரியப்பா பெயர் வரும். ஊர்ப் பெயரை எப்படி எழுதுவது என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.