மைதானத்திலும் நீதி வேண்டும்!

விளையாட்டில் வெற்றியும் தோல்வியும் மாறி மாறி வரும். இன்று தோற்றவன் நாளை வெல்வான். ஆனால், 'நீ ஆடக் கூடாது' என்று காரணம் சொல்லாமல் ஒரு வீரனை வெளியே நிறுத்திவிட்டால் அவனுக்கு நாளை என்பதே இல்லாமல் போகிறது. ஓட்டக்காரனின் கால்களுக்கு வலுவுள்ள காலம் மிகக் குறைவு. அதில் இரண்டு ஆண்டுகளை நிர்வாகிகளின் கோபதாபம் தின்றுவிட்டால் எந்த நீதிமன்றமும் அவற்றைத் திருப்பித் தர முடியாது.

சம்பளம் வாங்கி ஆடுகிறவருக்கு ஒப்பந்தம் இருக்கிறது, வழக்கறிஞர் இருக்கிறார். படிப்புக்கும் வேலைக்கும் கடைக்கும் நடுவே ஆர்வத்தால் மட்டுமே ஆடுகிற அமெச்சூர் வீரனுக்கு என்ன இருக்கிறது? சங்கச் செயலாளர் சொன்னதே சட்டம். நடுவர் குழு எழுதியதே தீர்ப்பு!

வியாபாரிகளே, எண்ணிப் பாருங்கள்! உங்கள் கடைக்கு ஜி.எஸ்.டி. அபராதம் விதிப்பதற்கு முன் நோட்டீஸ் வருகிறது. பதில் சொல்ல அவகாசம் தருகிறார்கள். உத்தரவு பாதகமாக வந்தால் மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது. சரக்குக்கும் கணக்குக்கும் உள்ள இந்தப் பாதுகாப்பு, வியர்வை சிந்தி ஓடும் ஓர் இளைஞனுக்கு வேண்டாமா?

நம் மண்ணிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். சில நாட்களிலேயே பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டி அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. செய்தி தொலைக்காட்சிகளில் ஊரெல்லாம் பரவியது. அவரை அழைத்து உட்கார வைத்து, 'இதுதான் முடிவு, இதற்கு உன் பதில் என்ன?' என்று கேட்ட விசாரணை மன்றம் எது? அந்த ஏழைப் பெண்ணின் பக்கம் நின்று மேல்முறையீட்டை எடுத்துச் சென்றவர் யார்? ஒருவருமில்லை!

மருத்துவம் என்ன சொல்கிறது என்பது வேறு கேள்வி. அதை மருத்துவர்கள் பேசட்டும். ஒரு மனிதரின் மானத்தை ஊரறியச் சந்திக்கு இழுக்கும் முன் அவர் பேச்சைக் கேட்டார்களா என்பதே நம் கேள்வி.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2014இல் ஒடிசாவின் தூத்தி சந்த் இதே போன்ற விதியின் பேரில் காமன்வெல்த் அணியிலிருந்து நீக்கப்பட்டார். இம்முறை கதை மாறியது. அவர் பக்கம் நிற்க ஆட்கள் கிடைத்தார்கள். கட்டணம் வாங்காமல் வாதாட வழக்கறிஞர்கள் முன்வந்தார்கள். சுவிட்சர்லாந்தின் லொசான் நகரிலுள்ள விளையாட்டு நடுவர் மன்றத்தில் வழக்கு நடந்தது. 2015 ஜூலையில் அந்த விதியையே அம்மன்றம் நிறுத்தி வைத்தது. தூத்தி 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இரண்டு வெள்ளிகள் வென்றார்.

இருவருமே ஏழை வீட்டுப் பெண்கள், இருவருமே திறமைசாலிகள். ஒருவருக்கு முறையீட்டின் கதவு திறந்தது. மற்றவருக்கு அப்படி ஒரு கதவு இருப்பதையே எவரும் காட்டவில்லை. வேறுபாடு அவ்வளவுதான்!

இதே தூத்தி, ஊக்கமருந்து வழக்கில் 2023இல் நான்கு ஆண்டுத் தடைக்கு உள்ளானார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. முறையான விசாரணை என்பது தவறு செய்தவரைக் காக்கும் கேடயமல்ல. நிரபராதி தண்டிக்கப்படாமலும், தண்டிக்கப்பட்டவருக்குக் காரணம் தெரியாமல் போகாமலும் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது.

'இது தடகளக் கதை, நமக்கென்ன?' என்று ஒதுங்கிவிட வேண்டாம். நம் சமுதாயப் பெண்ணொருத்தியின் கதையையும் கேளுங்கள்.

குல்சூம் அப்துல்லாஹ் அமெரிக்காவில் வாழும் பாகிஸ்தான் வம்சாவளிப் பெண். பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பளு தூக்கும் வீராங்கனை. 2010இல் தேசிய அளவிலான போட்டிக்குத் தகுதி பெற்றார். முழங்கையும் முழங்காலும் தெரியும்படி உடை அணிய வேண்டும் என்பது உலகச் சம்மேளனத்தின் விதி. ஹிஜாபுடனும் உடல் மறைக்கும் உடையுடனும் வந்தால் அனுமதியில்லை என்றார்கள்.

அவர் என்ன செய்தார்? அழுதுவிட்டு வீட்டில் உட்காரவில்லை, ஆர்ப்பாட்டத்தோடும் நின்றுவிடவில்லை. விதியின் நோக்கம் என்ன என்று பார்த்தார். கை முழுவதுமாக நீண்டு பூட்டிக்கொண்டதா என்பதை நடுவர்கள் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் முழங்கை தெரிய வேண்டும் என்கிறார்கள். உடலோடு ஒட்டிய துணியை உள்ளே அணிந்தால் அவ்ரத்தும் மறையும், முழங்கையின் நிலையும் தெரியும் என்று ஆதாரங்களோடு எழுதிக் கொடுத்தார். அமெரிக்க முஸ்லிம் அமைப்பும் குரல் கொடுத்தது. அமெரிக்க ஒலிம்பிக் குழுவின் உதவியோடு அந்த முறையீடு உலகச் சம்மேளனத்தின் முன் வைக்கப்பட்டது. 2011 ஜூன் 29 அன்று விதி மாறியது! அடுத்த மாதமே அவர் அமெரிக்கத் தேசியப் போட்டியில் பளு தூக்கினார். அதே ஆண்டு பாரிஸ் உலகப் போட்டியில் பாகிஸ்தான் சார்பில் களம் இறங்கினார்.

அந்த முறையீடு குப்பைத் தொட்டிக்குப் போகாததற்கு ஒரு பின்னணி உண்டு. அமெரிக்காவில் விளையாட்டு அமைப்புகள் தங்களுக்குள் போட்ட அதிகாரச் சண்டையில் வீரர்கள் நசுங்கினார்கள். அதன் விளைவாக 1978இல் அமெச்சூர் விளையாட்டுச் சட்டம் வந்தது. முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து, விசாரணைக்கு வாய்ப்பளிக்காமல் எந்தத் தேசியச் சங்கமும் ஒரு வீரரைத் தகுதியற்றவர் என்று அறிவிக்க முடியாது என்றது அச்சட்டம். 1998இல் அது திருத்தப்பட்டபோது, வீரர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லத் தனி அலுவலரும் நியமிக்கப்பட்டார்.

இந்த நெறிகள் நமக்குப் புதியவையா? இல்லவே இல்லை! அலீ (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பும்போது, ஒரு தரப்பைக் கேட்டதோடு தீர்ப்பளித்துவிடாமல் மறுதரப்பையும் கேட்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுக் கொடுத்தார்கள். கேள்விப்பட்ட செய்தியைத் தீர விசாரிக்கும்படி திருக்குர்ஆனின் 49:6 வசனம் கட்டளையிடுகிறது. நமக்கே பாதகமானாலும் நீதியில் நிலைத்து நிற்கச் சொல்கிறது 4:135 வசனம்.

நபியவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியபோது, பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஒரு தூரமும் பயிற்சி பெறாதவற்றுக்கு வேறொரு தூரமும் வைத்தார்கள் என்கிறது ஸஹீஹுல் புகாரீ. பந்தயத்துக்கு முன்பே விதி தெளிவாக இருந்தது. நபியவர்களின் ஒட்டகத்தை ஒரு கிராமவாசியின் ஒட்டகம் முந்தியபோது தோழர்கள் மனம் வருந்தினார்கள்; நபியவர்களோ அந்தத் தோல்வியை அமைதியாக ஏற்றார்கள். இதைவிட உயர்ந்த விளையாட்டுப் பண்பை எங்கே காண முடியும்?

இந்தியாவிலும் காலம் கடந்தாவது சட்டம் வந்திருக்கிறது. 2023இல் மல்யுத்த வீராங்கனைகள் தங்கள் புகாரைக் கேட்க ஆளில்லாமல் டெல்லி வீதியில் அமர்ந்ததை நாடே பார்த்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டத்தை நிறைவேற்றியது. தேசிய விளையாட்டுத் தீர்ப்பாயம், ஒவ்வொரு தேசியக் கூட்டமைப்பிலும் தகராறு தீர்க்கும் குழு, வீரர்களுக்கான குழு ஆகியவற்றுக்கு அதில் இடமுண்டு. இவை ஏட்டுச் சுரைக்காயாகிவிடாமல் பார்த்துக்கொள்வது விளையாட்டு வீரர்களின் கடமை மட்டுமல்ல, குடிமக்கள் அனைவரின் கடமை.

ஆனால், நம் ஊர்த் திடலில் நடக்கும் சுழற்கோப்பைப் போட்டிக்கு டெல்லித் தீர்ப்பாயம் வரப் போவதில்லை. அங்கே நீதிபதிகள் நாம்தான்! காயல்பட்டினத்திலும் அதிராம்பட்டினத்திலும் கால்பந்து தலைமுறை தலைமுறையாக நம் இரத்தத்தில் ஊறியது. இன்னும் எத்தனையோ ஊர்களில் கைப்பந்தும் கபடியும் கிரிக்கெட்டும் நடக்கின்றன. வெளியூர் ஆளை இறக்கினார்கள், வயதை மறைத்தார்கள், நடுவரைத் தள்ளினார்கள் என்று புகார் எழும்போது பல இடங்களில் நடப்பது என்ன? மைக்கிலேயே தீர்ப்பு, அங்கேயே தடை! புகார் சொன்ன அணியின் பெரியவரே விசாரணைக் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறார். மைதானத்தில் தொடங்கிய சண்டை முஹல்லாவுக்குள் புகுந்து, இரண்டு குடும்பங்களின் ஸலாமை நிறுத்திவிடுகிறது. இது வெட்கக்கேடு அல்லவா?

எனவே, போட்டி நடத்தும் ஒவ்வொரு சங்கத்தையும் கேட்டுக்கொள்கிறோம். விதிகளைப் போட்டிக்கு முன்பே அச்சடித்து எல்லா அணிகளுக்கும் கொடுங்கள். எந்த அணியையும் சேராத மூவரைக் கொண்டு முறையீட்டுக் குழு அமையுங்கள். புகாரை எழுத்தில் வாங்குங்கள். எத்தனை மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரிடம் ஆதாரத்தைக் காட்டிப் பதில் கேளுங்கள். முடிவைக் காரணத்தோடு எழுதிக் கையில் கொடுங்கள். அடுத்த ஆட்டம் தொடங்கும் முன் விசாரணையை முடியுங்கள். ஆட்டம் முடிந்தபின் கிடைக்கும் நீதியால் ஆட்டக்காரனுக்கு என்ன பயன்?

கோப்பைக்கும் சீருடைக்கும் நன்கொடை தரும் வியாபாரப் பெருமக்களே! பேனரில் உங்கள் பெயர் எவ்வளவு பெரிதாக வரும் என்று கேட்பதற்கு முன், 'முறையீட்டுக் குழு யார்?' என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி பல சண்டைகளைத் தடுக்கும்.

இளைஞர்களே! அநீதியைக் கண்டு உங்களுக்குக் கோபம் வருகிறது. வரத்தான் வேண்டும். அந்தக் கோபத்தைக் காகிதத்தில் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். எந்த விதியின் கீழ் நீக்கினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். தேதியைக் குறித்து வையுங்கள். நகல் எடுத்து வையுங்கள். கெடு தவறாமல் முறையிடுங்கள். உங்கள் எதிரணிக்கும் இதே உரிமை உண்டு என்பதை மறவாதீர்கள். வெளியே நீதி கேட்கும் சமுதாயம் தன் திடலில் அதை வழங்கத் தவறினால் அதன் குரலுக்கு வலுவிருக்காது.

அந்த வலுவை நாமே உண்டாக்குவோம், இன்ஷா அல்லாஹ்!